நற்கருணை வாங்கும்போது முழந்தாளிட்டால் தவறா? வழிபாட்டில் பக்தி, பழைய வழக்கங்கள் பற்றிப் பேசுவோம்

கோவில்பிள்ளை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் இயேசுவுக்கே புகழ்.

சமீபத்தில் ஒரு ஞாயிறு பூசையில் நடந்தது. ஒரு இளைஞர் நன்மை (நற்கருணை) வாங்க வரிசையில் வந்து, தன் முறை வந்ததும் முழந்தாளிட்டார். கொடுத்தவர் "எழுந்திருங்க, எல்லாரும் நின்னுதானே வாங்குறாங்க" என்று சொல்லி, அவர் எழும்வரை அப்பத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். இளைஞர் எழுந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். பூசை முடிந்ததும் ஒரே வாக்குவாதம். "தன்னைப் பெரிய பக்திமான் என்று காட்டிக்கொள்கிறான்" என்று ஒரு பக்கம், "திருச்சபையில் விசுவாசமே போய்விட்டது" என்று இன்னொரு பக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் வைத்துவிடுகிறேன். 2004 மார்ச் 25 அன்று ரோமையின் வழிபாட்டுப் பேராயம் வெளியிட்ட 'ரெதெம்ப்சியோனிஸ் சாக்ராமெந்தும்' ஏட்டின் 91ஆம் எண்: ஒருவர் முழந்தாளிட்டு வாங்க விரும்புகிறார் என்பதற்காகவோ, நின்று வாங்க விரும்புகிறார் என்பதற்காகவோ நற்கருணையை மறுக்கக்கூடாது. 92ஆம் எண்: நாவில் வாங்க எந்த விசுவாசிக்கும் எப்போதும் உரிமை உண்டு. ஆயர் பேரவை கேட்டு ரோமை ஒப்புதல் தந்த இடங்களில் கையிலும் வாங்கலாம். ஆகவே அந்த இளைஞர் மேல் குற்றமில்லை.

ஆனால் நான் இழை தொடங்கியதற்குக் காரணம் இது மட்டும் இல்லை. பல வருடமாகப் பீடத் துணிகளையும் பாத்திரங்களையும் கவனிக்கிறேன். பூசை முடிந்து திருமேனித்துகிலை (அப்பமும் பாத்திரமும் வைக்கப் பீடத்தில் விரிக்கும் சிறு துணியை) கையில் எடுக்கும்போது அதை உதறக்கூடாது, உள்பக்கமாகத்தான் மடிக்க வேண்டும். ஓஸ்தியின் (நற்கருணை அப்பத்தின்) துகள் ஏதாவது அதில் இருக்கலாம் என்பதால்தான் அது விரிக்கப்படுகிறது, அதற்காகத்தான் ஒன்பது கட்டமாக உள்நோக்கி மடிக்கப்படுகிறது. பல நாள் அது பீடத்து மேசைவிரிப்போடு சேர்த்துச் சுருட்டி வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கிறேன். நின்று வாங்குவதா முழந்தாளிட்டு வாங்குவதா என்று சண்டை போட்ட இரண்டு தரப்பிலும் இதைப் பற்றிக் கவலைப்பட்டவர் யாரும் இல்லை. வரிசையில் வரும் அந்த அரை நிமிடத்துக்கு முன்னும் பின்னும் நாம் என்ன செய்கிறோம்? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

இளையவன்62

ஐயா, அந்த இளைஞரின் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன், அதனால் இது எனக்கு நெஞ்சில் படும் விஷயம்.

1962ஆம் ஆண்டுத் திருப்பலி நூலின்படி நடக்கும் லத்தீன் பூசையில் முதல்முறை கலந்துகொண்டபோதுதான் எனக்குப் பல விஷயம் புரிந்தது. வசீகர வார்த்தைகளை (அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் ஆக்கும் வார்த்தைகளை) சொல்லி முடித்ததிலிருந்து, பாத்திரங்களைக் கழுவும்போது விரல்களையும் கழுவும்வரை குருவானவர் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் பிரிக்கவே இல்லை. அப்பத்தைத் தொடும்போது மட்டும்தான் பிரிக்கிறார். பக்கம் புரட்டுவதும், பாத்திரத்தைத் தூக்குவதும் மற்ற விரல்களால்தான். விரல் நுனியில் ஒட்டிய துகளும் ஆண்டவர்தான் என்பதை எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறைக்கல்வி வகுப்பில் வருடக்கணக்கில் கேட்டு மனதில் ஏறாதது அந்த இரண்டு விரலைப் பார்த்ததும் ஏறியது.

1570இல் பாப்பரசர் புனித ஐந்தாம் பயஸ் வெளியிட்ட நூலின் வழிவந்த அந்தப் பூசையை 1969இல் ஒரே அடியாக மாற்றினார்கள். கிராதியை (பீடத்துக்கு முன்னால் மக்கள் முழந்தாளிட்டு நன்மை வாங்கும் தடுப்பை) இடித்தார்கள், பீடத்தைத் திருப்பினார்கள், பாட்டை மாற்றினார்கள். ஆயர்களின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடி எல்லாவற்றையும் தூக்கி எறிந்ததன் பலனைத்தான் இப்போது அனுபவிக்கிறோம் என்பது என் எண்ணம்.

---

மறைக்கல்வி டீச்சர்

> சங்கம் கூடி எல்லாவற்றையும் தூக்கி எறிந்ததன் பலனைத்தான்

தம்பி, உங்கள் பக்தி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சங்கத்தின் மேல் பழியைப் போடுவதற்கு முன் அதன் ஏட்டை ஒருமுறை படியுங்கள். வழிபாடு பற்றிய கொள்கைத்திரட்டு 1963 டிசம்பர் 4 அன்று 2147 வாக்குகள் ஆதரவு, 4 வாக்குகள் எதிர்ப்பு என்று நிறைவேறியது. 36ஆம் எண், லத்தீன் வழிபாட்டு முறைகளில் லத்தீன் மொழி காக்கப்பட வேண்டும் என்கிறது; மக்கள் மொழிக்கும் கூடுதல் இடம் தரலாம் என்கிறது. 54ஆம் எண், மக்கள் தங்களுக்குரிய பகுதிகளை லத்தீனிலும் சேர்ந்து சொல்லவோ பாடவோ தெரிந்திருக்க வழி செய்ய வேண்டும் என்கிறது. 116ஆம் எண் கிரகோரியன் பாடலுக்கு (பழைய லத்தீன் வழிபாட்டு இசைக்கு) முதன்மை இடம் தருகிறது. 22ஆம் எண், குருவே ஆனாலும் வழிபாட்டில் தன் இஷ்டத்துக்கு எதையும் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ கூடாது என்கிறது. கிராதியை எடுக்கச் சொல்லி அந்த ஏட்டில் ஒரு வரிகூட இல்லை. குரு மக்களைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்றும் அதில் இல்லை.

அதனால், பக்தி குறைந்த பூசையைப் பார்த்து "இதுதான் சங்கத்தின் பூசை" என்று சொல்லிவிடாதீர்கள். சங்கம் கேட்டதில் பாதியை நாம் இன்னும் செய்தே பார்க்கவில்லை.

இன்னொன்று. முழந்தாளிடுவது மட்டும்தான் பழமை என்று நினைக்க வேண்டாம். 325இல் நிசேயாவில் கூடிய சங்கத்தின் 20ஆம் விதி, ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாஸ்காக் காலத்திலும் (உயிர்ப்புக் காலம்) முழந்தாளிடாமல் நின்றே செபிக்க வேண்டும் என்கிறது. நிற்பது உயிர்ப்பின் அடையாளமாக இருந்தது. கையில் வாங்குவதும் நேற்று வந்த பழக்கம் கிடையாது. நான்காம் நூற்றாண்டில் எருசலேம் ஆயர் புனித சிரில், புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்குச் சொல்கிறார்: இடது கையை வலது கைக்கு அரியணையாக வை, அரசரை ஏற்கப்போகும் கை அது.

---

கிராதி

டீச்சர், சிரிலை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் அடுத்துச் சொல்வதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உன்னிடம் யாராவது பொன் துகளைக் கொடுத்தால் ஒன்றுகூடச் சிந்தாமல் எவ்வளவு கவனமாகப் பிடிப்பாய், பொன்னையும் மணியையும் விட மேலான இதில் ஒரு துணுக்கும் விழாமல் எவ்வளவு அதிகம் கவனிக்க வேண்டும் என்று கேட்கிறார். இன்று கையில் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் வாங்கிய பிறகு உள்ளங்கையை ஒருமுறை பார்க்கிறார்கள்? நடந்துகொண்டே வாயில் போட்டுக்கொள்கிறார்கள். சிலர் இரண்டு விரலால் பிடுங்குவதுபோல எடுக்கிறார்கள்.

1969 மே 29 அன்று வந்த 'மெமோரியாலே தோமினி' ஏடு நாவில் தரும் வழக்கத்தைத்தான் காக்கச் சொன்னது. உலகம் முழுவதும் ஆயர்களிடம் கேட்டபோது பெரும்பான்மையோர் கையில் தருவது வேண்டாம் என்றார்கள். ஏற்கெனவே அந்தப் பழக்கம் வேரூன்றிய இடங்களுக்கு மட்டும் வைத்த விதிவிலக்கு, பிறகு பல நாடுகளில் எழுதாத சட்டம்போல ஆகிவிட்டது. 2008இல் திருவுடல் பெருவிழா முதல் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் தன்னிடம் வந்தவர்களை முழந்தாளிட வைத்து நாவிலேயே கொடுத்தார். சட்டத்தை மாற்றாமல், செய்து காட்டினார்.

---

மறைக்கல்வி டீச்சர்

சிரில் பற்றி நீங்கள் சொன்னது சரி, கிராதி. அதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். முதல் நன்மை வகுப்பில் உள்ளங்கையைப் பார்ப்பதைத் தனியாகச் சொல்லித்தருகிறேன். வசீகரிக்காத அப்பத்தை வைத்துப் பழக்கும்போது பிள்ளைகள் தாங்களாகவே கையில் ஒட்டிய துகளைக் கண்டுபிடித்து "டீச்சர், இதை என்ன செய்யணும்?" என்று கேட்பார்கள். கேள்வி அவர்களிடமிருந்து வந்த பிறகு பாடம் சுலபம்.

ஆனால் பழைய காலத்துப் பக்தியில் ஒரு ஆபத்தும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். தகுதியில்லை என்ற பயத்தில் மக்கள் நன்மையே வாங்காமல் இருந்த நூற்றாண்டுகள் உண்டு. வருடத்துக்கு ஒரு தடவையாவது, பாஸ்காக் காலத்தில், வாங்குங்கள் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் சட்டமே போட வேண்டியிருந்தது. எழுந்தேற்றத்தின்போது (குரு ஓஸ்தியை உயர்த்திக் காட்டும்போது) அதைப் பார்த்தாலே போதும் என்ற மனநிலை பரவியது. 1905இல் புனித பத்தாம் பயஸ்தான் அடிக்கடி, முடிந்தால் தினமும் வாங்குங்கள் என்று கதவைத் திறந்தார். 1910இல் விவரம் தெரிந்த வயதில், ஏறக்குறைய 7 வயதிலேயே, பிள்ளைகளுக்கும் கொடுக்கச் சொன்னார். இலத்தீன் பூசை மட்டுமே இருந்த காலத்தின் பாப்பரசர் அவர். மரியாதை என்ற பெயரில் ஆண்டவரைத் தூரத்தில் நிறுத்திவிடக் கூடாது என்று அவர் பயந்தார்.

---

கீழைமரபு

நான் பிசாந்திய மரபைச் சேர்ந்த கத்தோலிக்கன். ரோமையோடு ஒன்றித்த கீழைத் திருச்சபைகள் 23 இருக்கின்றன, இந்த விவாதங்களில் எங்களை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் முறையில் நின்றுதான் வாங்குகிறோம். கைகளை மார்பில் சிலுவைபோல் மடித்துக்கொள்கிறோம். வாய்க்குக் கீழே ஒரு சிவப்புத் துணி பிடிக்கப்படும். குரு நம் பெயரைச் சொல்லி, இரசத்தில் நனைந்த புளித்த அப்பத்தைச் சிறு கரண்டியால் நாவில் வைப்பார். கையில் தொடுவது கிடையாது, முழந்தாளிடுவதும் கிடையாது. ஆனால் தவக்கால வார நாட்களில், முன்பே வசீகரித்த நற்கருணையைப் பவனியாகக் கொண்டுவரும்போது எல்லாரும் நெற்றி தரையில் படும்படி விழுந்து வணங்குவோம்.

எங்கள் கோவிலுக்கு வரும் லத்தீன் மரபு நண்பர்கள் "நின்று வாங்குவது மரியாதைக் குறைவு" என்று ஒருபோதும் சொன்னதில்லை. எல்லாரும் ஒரே மாதிரி, ஒரே கவனத்தோடு செய்வதைப் பார்க்கும்போது அவர்களுக்கே அது தெரிகிறது.

---

ஆல்டோ குரல்

பாடகர் குழுவிலிருந்து ஒரு வேண்டுகோள். எல்லாரும் உடலின் நிலையைப் பற்றியே பேசுகிறீர்கள். மௌனத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

இப்போது நடைமுறையில் இருக்கும் திருப்பலி நூலின் பொதுப் போதனை, 45ஆம் எண்: "மன்றாடுவோமாக" என்று குரு சொன்னதும் ஒரு மௌனம், வாசகத்துக்கும் மறையுரைக்கும் பிறகு ஒரு மௌனம், நன்மை வாங்கிய பிறகு ஒரு மௌனம். பூசை தொடங்குவதற்கு முன்பே கோவிலிலும் சக்ரிஸ்டியிலும் (குரு பூசைக்குத் தயாராகும் அறை) அமைதி காக்க வேண்டும் என்றும் அதே எண் சொல்கிறது. இது புதிய பூசையின் விதி. எத்தனை இடத்தில் இது நடக்கிறது? "மன்றாடுவோமாக" என்ற சொல்லுக்கும் செபத்தின் முதல் சொல்லுக்கும் நடுவில் மூச்சு விடக்கூட நேரம் இருப்பதில்லை.

குற்றத்தில் பெரிய பங்கு எங்கள் மாதிரிக் குழுக்களுடையது என்பதை நான் பலமுறை எங்கள் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். நன்மை நேரத்துக்கு மூன்று பாட்டு தயார் செய்துவிட்டால் மூன்றையும் பாடி முடித்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறோம். வரிசை முடிந்துவிட்டது, குரு அமர்ந்துவிட்டார், எங்கள் மூன்றாம் சரணம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆண்டவரை உள்ளே வாங்கிய மனிதர் அவரோடு ஒரு வார்த்தை பேச நாங்கள் இடம் விடுவதில்லை. இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம்: கடைசி ஆள் வாங்கித் திரும்பும்போது எந்தச் சரணத்தில் இருந்தாலும் அதோடு நிறுத்திவிடுவோம். முதலில் சிலருக்குக் கோபம். இப்போது அந்த அமைதியை யாரும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

கிரகோரியன் பாடல் கஷ்டம் என்பவர்களுக்கு: 1974இல் ஆறாம் பவுல், எளிய லத்தீன் பாடல்கள் அடங்கிய ஒரு சிறு தொகுப்பை உலகின் எல்லா ஆயர்களுக்கும் அனுப்பிவைத்தார். புதிய திருப்பலி நூலை வெளியிட்ட அதே பாப்பரசர். அதிலுள்ள 'சாங்த்துஸ்' (தூயவர்), 'ஆஞ்ஞுஸ் தேயி' (இறைவனின் செம்மறியே) இரண்டையும் பாட்டுப் பயிற்சியே இல்லாதவர்களும் சில வாரத்தில் பாடிவிடலாம்.

---

இரண்டு பிள்ளைகளின் அம்மா

எல்லாம் நல்ல விஷயம்தான். ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். என் மகனுக்கு ஆட்டிசம். எழுந்தேற்ற மணி அடித்ததும் சந்தோஷத்தில் சத்தம் போடுவான். மௌனம், பக்தி என்று அதிகம் பேசுகிறவர்கள்தான் திரும்பி முறைக்கிறார்கள். இரண்டு முறை வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டார்கள். அவனுக்கு அந்த மணி எதற்கு என்று தெரியும். பேச்சு வராது, அவ்வளவுதான். எனக்கு மூட்டுவலி, முழந்தாளிட முடியாது. எங்களுக்கு உங்கள் கோவிலில் இடம் உண்டா?

---

கோவில்பிள்ளை

அம்மா, நீங்களும் உங்கள் மகனும் முன்வரிசையில் உட்காருங்கள். மணிச் சத்தத்துக்குச் சந்தோஷப்படுகிற பிள்ளை எழுந்தேற்றத்தைக் கவனிக்கிற பிள்ளை. அதே நேரத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டு சத்தமே இல்லாமல் நிற்கிற பெரியவர்களைப் பற்றித்தான் என் கவலை.

முழந்தாளிடுவது பற்றியும் சட்டமே வழி வைத்திருக்கிறது. பொதுப் போதனை 43ஆம் எண்ணின்படி, வசீகரத்தின்போது உடல்நலம், இடநெருக்கடி, கூட்டம் போன்ற காரணத்தால் முழந்தாளிட முடியாதவர்கள், குரு முழந்தாளிட்டு வணங்கும்போது ஆழ்ந்து தலைவணங்கினால் போதும். நின்று நன்மை வாங்குகிறவர்கள் வாங்குவதற்கு முன் உரிய வணக்கம் செலுத்துவதை 160ஆம் எண் பரிந்துரைக்கிறது. இதையாவது எல்லாரும் செய்கிறோமா என்று பாருங்கள்.

---

வாசலில் நிற்பவன்

அந்த அம்மாவின் பதிவைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தகுதியற்ற முறையில் இந்த அப்பத்தை உண்பவன் ஆண்டவருடைய உடலுக்கு எதிராகக் குற்றம் செய்கிறான் என்று பவுல் 1 கொரிந்தியர் 11இல் எழுதியதைப் பக்தி பற்றிப் பேசும் எல்லாரும் எடுத்துக் காட்டுவார்கள். அதற்குச் சில வசனம் முன்னால் என்ன இருக்கிறது? கொரிந்துச் சபையில் வசதியானவர்கள் முந்திக்கொண்டு தின்று குடித்து வெறிக்க, இல்லாதவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பவுல் தகுதியைப் பற்றிப் பேசத் தொடங்குவது அந்த இடத்தில்தான். "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று கேட்ட கையோடு அடுத்ததைச் சொல்கிறார்.

புனித யோவான் கிறிசோஸ்தோம் மத்தேயு நற்செய்தி பற்றிய 50ஆம் மறையுரையில் இதையே இன்னும் கடுமையாகச் சொல்கிறார்: கிறிஸ்துவின் உடலை மதிக்க வேண்டுமா? இங்கே பட்டால் போர்த்திவிட்டு, வெளியே அவர் குளிரில் ஆடையில்லாமல் கிடப்பதைக் கண்டுகொள்ளாமல் விடாதே.

---

கிராதி

அந்த மறையுரையைச் சொல்லி, பொன்பாத்திரத்தையும் நல்ல திருவுடையையும் கைவிடச் சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கிறிசோஸ்தோம் அதைச் சொல்லவில்லை. இந்த அலங்காரங்களைத் தர வேண்டாம் என்று தடுக்கவில்லை, இவற்றோடு ஏழைகளுக்கும் செய்யுங்கள், அதை முதலில் செய்யுங்கள் என்கிறார். வழிபாட்டை ஏழ்மையாக்கினால் ஏழைகளுக்கு வயிறு நிறையாது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கோவில் ஒன்றுதான் அழகான இடம்.

---

வாசலில் நிற்பவன்

ஒத்துக்கொள்கிறேன். "அதை முதலில்" என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

---

இளையவன்62

டீச்சர், நீங்கள் சொன்ன ஏட்டை உட்கார்ந்து முழுவதும் படித்தேன். 54ஆம் எண்ணையும் 116ஆம் எண்ணையும் இவ்வளவு நாள் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆனாலும் என் வருத்தம் தீரவில்லை. 2007 ஜூலையில் பதினாறாம் பெனடிக்ட் பழைய பூசைக்கு வழிவிட்டார். 2021 ஜூலை 16 அன்று பிரான்சிஸ் அதைக் கட்டுப்படுத்தினார். ஆயரின் அனுமதி வேண்டும், பங்குக் கோவில்களில் கூடாது என்று வந்தது. நாங்கள் எந்தச் சண்டைக்கும் போகவில்லை. செபிக்கத்தான் போனோம். எங்கள் பக்தி திருச்சபையின் ஒற்றுமைக்கு ஆபத்து என்று பார்க்கப்படும்போது எப்படித் தாங்குவது?

---

கோவில்பிள்ளை

தம்பி, இந்த வலி உண்மையானது. அதை யாரும் லேசாக எடுக்கக் கூடாது. ஆனால் கீழ்ப்படிதலும் ஒரு வணக்கம்தான். உன் ஆயரின் அனுமதியோடு அந்தப் பூசை எங்கே நடக்கிறதோ அங்கே நிம்மதியாகப் போ. மற்ற நாள் உன் பங்கில் நடக்கும் பூசையில் பழைய பூசை உனக்குக் கற்றுக்கொடுத்ததைச் செய். நற்கருணைப் பேழைக்கு முன்னால் நின்று நிதானமாக, முழங்கால் தரையில் படும்படி வணங்கு. விசுவாசப் பிரமாணத்தில் "தூய ஆவியால் கன்னி மரியாவிடமிருந்து" என்ற இடத்தில் தலைவணங்கு. கிறிஸ்து பிறப்பு அன்றும், மார்ச் 25 மங்களவார்த்தைத் திருநாள் அன்றும் அதே இடத்தில் முழந்தாளிடு. இயேசுவின் பெயர் சொல்லப்படும்போது தலையைத் தாழ்த்து. இதெல்லாம் இன்றைய நூலிலேயே இருக்கிற விதி. இதைச் செய்ய யாருடைய அனுமதியும் வேண்டாம்.

நோன்பையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். முன்பு நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் நன்மைக்குப் போனார்கள். 1953இல் பன்னிரண்டாம் பயஸ் தண்ணீருக்கு விலக்குத் தந்தார். 1957இல் மூன்று மணி நேரம் என்று குறைத்தார். 1964இல் ஆறாம் பவுல் ஒரு மணி நேரமாக்கினார். அந்த ஒரு மணி நேரமும் நன்மை வாங்கும் வேளைக்கு முன்னால் கணக்கு, பூசை தொடங்கும் நேரத்துக்கு முன்னால் இல்லை. அதாவது ஞாயிறு பூசையில் கோவிலுக்குள் நுழையும்வரை சாப்பிட்டுக்கொண்டே வந்தாலும் பெரும்பாலும் சட்டப்படி சரிதான். முதியவர்கள், நோயாளிகள், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இதுவும் கட்டாயம் இல்லை. ஆரோக்கியமாக இருக்கிறவர்கள் தாங்களாகவே பழைய மூன்று மணி நேரத்தைக் கடைப்பிடித்தால் என்ன? வெளியே யாருக்கும் தெரியாது, அதனால் யாரும் உன்னைக் குறைசொல்லவும் மாட்டார்கள், புகழவும் மாட்டார்கள்.

கொடுக்கிற பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் ஒன்று. முழந்தாளிட்டவரை எழுப்பாதீர்கள். நின்றவரை முழந்தாளிடச் சொல்லாதீர்கள். அப்பத்தைக் காட்டி "கிறிஸ்துவின் உடல்" என்று சொல்லி, அவர் "ஆமென்" சொல்லும்வரை பொறுங்கள்.

---

புதிய பீடச்சிறுவன்

ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் கோவிலில் நன்மை நேரத்தில் தட்டு பிடிப்பது விட்டுப்போய்விட்டது. போன வாரம் ஒரு ஓஸ்தி கீழே விழுந்துவிட்டது. எல்லாரும் திகைத்து நின்றோம். என்ன செய்ய வேண்டும்?

---

கோவில்பிள்ளை

நல்ல கேள்வி தம்பி. பொதுப் போதனை 280ஆம் எண்ணில் இருக்கிறது. விழுந்த ஓஸ்தியையோ துகளையோ மரியாதையோடு எடுக்க வேண்டும். நீ எடுக்காதே, கொடுத்துக்கொண்டிருப்பவர் எடுக்கட்டும். யாரும் மிதிக்காதபடி நீ அந்த இடத்தில் நின்று காத்துக்கொள். எடுத்ததை அவரே உட்கொள்ளலாம். திரு இரத்தம் சிந்திவிட்டால், சிந்திய இடத்தைத் தண்ணீரால் கழுவி, அந்தத் தண்ணீரைச் சக்ரிஸ்டியில் உள்ள தனித்தொட்டியில் ஊற்ற வேண்டும். அதன் குழாய் சாக்கடையில் சேராது, நேராக மண்ணுக்குள் இறங்கும். உங்கள் சக்ரிஸ்டியில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பார்த்து வை.

தட்டு வழக்கத்தைத் தொடர வேண்டும் என்று, நான் முதலில் சொன்ன 2004 ஏட்டின் 93ஆம் எண் சொல்கிறது. அதைப் பங்குத்தந்தையிடம் பணிவாகக் காட்டி, "ஃபாதர், நாங்கள் பிடிக்கத் தயார்" என்று கேளுங்கள். பெரும்பாலும் பழைய தட்டு ஏதாவது அலமாரியில் கிடக்கும். கிடைத்ததும் வாங்குபவரின் தாடைக்குக் கீழே, கையில் வாங்கினால் கைக்குக் கீழே, சாய்க்காமல் சமமாகப் பிடி. முடிந்ததும் அதைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு நடக்காதே, அப்படியே பீடத்துக்குக் கொண்டுபோய்க் குருவிடம் கொடு. அதில் துகள் இருந்தால் அவர் பாத்திரத்தில் சேர்த்துக்கொள்வார்.